அடிக்காத மணி

அரங்கநாதனுடைய கார் தை மாதத்துக்குத் தை மாதம் வேகமாகிக்கொண்டே போயிற்று. என் வீட்டுக்காரர் அந்தோணிசாமியின் காது தை மாதத்துக்குத் தை மாதம் மந்தமாகிக்கொண்டே போயிற்று. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. என் புத்தி அவ்வளவுதான். தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். கூடவே இருக்கிற மனிதருக்குக் காது கேட்கவில்லை என்பது மட்டும் தெரியவில்லை.

அவர் திண்டிவனத்தில் சுப்பராயலு முதலாளியின் பஸ் ஷெட்டில் மெக்கானிக். முதலாளி காணைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பில் வந்ததைப் போட்டு இரண்டு பஸ் வாங்கித் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. என் மாமனார் கடைசிவரை அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கியவர், வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் மகன் கையில் ஸ்பானர் ஏறியது எங்கள் தெருவுக்கே பெருமை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு, மறைப்பானேன்.

எங்களுக்குக் கலியாணமான புதிதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த நாலாம் நாள் முதல் கார் வந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக்கு. கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு ஜோடி மாடு அதை இழுத்து வந்து ஷெட்டில் விட்டது. அரங்கநாதன் சென்னையில் வசதியான வீட்டுப் பிள்ளை. கார்ப் பந்தயப் பைத்தியம். திண்டிவனத்துக்குத் தெற்கே ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, பந்தயத்துக்கு முன்னால் வண்டியை ஓட்டிப் பார்க்க வந்திருந்தார். மட்கார்டைக் கழற்றி, கூரையைக் கழற்றி, சைலன்சரையும் கழற்றிப் போட்டிருந்தார். எடையைக் குறைத்தால் வேகம் வரும் என்று அவர் நம்பிய காலம் அது. உள்ளே இருந்த எஞ்சின் சாதாரணக் காரில் இருப்பதுதான். வேகம் கொஞ்சம்தான் கூடியது. சத்தம் மட்டும் பத்து மடங்காயிற்று. எங்கள் கோழி இரண்டு நாள் முட்டை வைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நீளமான திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சினில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். அப்படித்தான் அவர் எதையும் கேட்பார்.

"மூணாவது சிலிண்டர்ல வால்வு சரியா ஒக்காரல சார்," என்றார்.

திறந்து பார்த்தால் அப்படியே இருந்தது. அரங்கநாதன் அன்றிலிருந்து ஒவ்வொரு தைக்கும் எங்கள் ஷெட்டைத் தவிர வேறு எங்கும் வண்டியை விடவில்லை.

முப்பத்தைந்தில் இரண்டாவது கார் கொண்டுவந்தார். அதில் வால்வு பக்கவாட்டில் இல்லை, சிலிண்டரின் தலைக்கு மேலே இருந்தது. பெட்ரோல் ஆவி சந்து பொந்தெல்லாம் சுற்றி வராமல் நேராக மேலிருந்து இறங்கும். அந்த ஆவியைப் பழைய எஞ்சின் ஐந்து பங்கை ஒரு பங்காக அமுக்கியது, இது ஏழு பங்கை ஒரு பங்காக அமுக்குகிறது, எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு உதை என்று என் வீட்டுக்காரர் சோறு தின்னும்போது எனக்குச் சொன்னார். சும்மா சொல்லவில்லை, ஒரு கவளத்தை உள்ளங்கையில் வைத்து அமுக்கிக் காட்டினார்.

"அப்ப இன்னும் அமுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"ஜாஸ்தி அமுக்கினா பொறி வைக்கறதுக்கு முந்தியே பெட்ரோலு தானா வெடிச்சிடும் சவுரி. எஞ்சின் தட்டும். தட்டறது காதுல வுழுந்த ஒடனே நிறுத்தணும். இல்லன்னா பிஸ்டன்ல ஓட்டை."

முப்பத்தேழில் வந்த மூன்றாவது காருக்கு நாங்கள் வைத்த பேர் பெரிய காளி. எஞ்சின் அளவில் முன்னதைவிடச் சின்னது. ஆனால் அதன் பக்கத்தில் பிளோயர் என்று ஒரு பெட்டி. அதற்குள் எட்டுப் போட்ட மாதிரி இரண்டு உருளைகள் ஒன்றையொன்று உரசாமல் சுற்றும். மற்ற எஞ்சின்கள் தானாக மூச்சு இழுத்துக்கொள்ளும். இதற்கு மூச்சை வாயில் வைத்து ஊதினார்கள். அதற்குப் போடுகிற எண்ணெய் விளக்கெண்ணெய் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருமுறை சீமை டின் தீர்ந்துபோய், வேறு எண்ணெயெல்லாம் வடித்துக் கழுவிவிட்டு, நான் காய்ச்சி வைத்திருந்த விளக்கெண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். ரோடெல்லாம் பிள்ளைக்கு மருந்து கொடுத்த வீட்டு வாசனை. அடுத்த வருஷத்திலிருந்து பெட்ரோலுக்குப் பதில் சாராயம் மாதிரி ஒரு ஸ்பிரிட் ஊற்றினார்கள். அது எவ்வளவு அமுக்கினாலும் தட்டாதாம். பிளோயர் போடுகிற ஊளை மட்டும் இன்னும் கூடியது. அந்த ஊளைக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் நாள் முழுக்க நிற்பார்.

வீட்டுக்கு வந்து, "காதுக்குள்ள வண்டு பாடுது" என்பார். பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விடுவேன். மாசி பிறந்தால் வண்டு போய்விடும் என்று நினைத்தேன். வண்டோடு சேர்ந்து வேறு சிலதும் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டும். திருப்புளியின் பிடியைக் காதில் வைத்தவர் பல்லில் கடித்துக்கொள்ள ஆரம்பித்தார். "பசிச்சா சோறு கேளுங்க, திருப்புளியத் தின்னாதீங்க" என்று கேலி செய்தேன். நான் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கலியாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இந்த மனிதருக்கு என்மேல் இத்தனை ஆசையா என்று எனக்குள் ஒரு மிதப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தப் பார்வையை நான் பெரிய சொத்தாக வைத்திருந்தேன்.

நாற்பதாம் வருஷம் தை மாதம் காளிக்கு முடிவு வந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டி முழு வேகத்தில் போகும்போது உள்ளே ஒரு தண்டு முறிந்து எஞ்சினின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அரங்கநாதனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஜெர்மன்காரனோடு உலகச் சண்டை ஆரம்பித்துவிட்ட நேரம். அவர் பட்டாளத்தில் மோட்டார் வேலைக்குப் போகிறேன் என்றார்.

"அந்தோணி, இதுல எது உனக்கு ஒதவுமோ எடுத்துக்கோ. நீ பாத்துப் பாத்து வளத்த வண்டி," என்று சொல்லி ரயில் ஏறினார். அப்படித்தான் பிளோயர் எங்கள் ஷெட்டின் மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு படுத்தது.

அப்புறம் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. ஊரில் உள்ள பஸ்களெல்லாம் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓட ஆரம்பித்தன. எங்கள் முதலாளியும் கட்டினார். கரிப்புகையில் சத்து இல்லை. பெட்ரோலில் துள்ளிய பஸ் காய்ச்சல்காரி மாதிரி நடந்தது. கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் ஏரிக்கரை மேடு ஒன்று உண்டு. பெரிய மேடு என்று சொல்ல முடியாது. ஆனால் பஸ் அங்கே போனதும் நின்றுவிடும். ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியும் இறங்க வேண்டும். வாயில் வந்தபடி ஏசிவிட்டு மறுநாள் மாட்டுவண்டியில் போனார்கள்.

நாற்பத்து மூன்று மாசியில் சுப்பராயலு முதலாளி ஷெட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். "அந்தோணி, பாஸ்கு முடிஞ்ச திங்கக்கெழம நானே வண்டியில வர்றேன். மேடு ஏறுச்சின்னா சரி. இல்லன்னா மெட்ராஸ்லேர்ந்து பாண்டுரங்கன்னு ஒரு மெக்கானிக் வர்றேன்னு சொல்லிக்கினு இருக்கான். அவன் கையில குடுத்துடுவேன். நீ வண்டி கழுவற வேலையப் பாத்துக்கோ."

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் மூலைக்குப் போய்ச் சாக்கை விலக்கினார். கரிப்புகையும் அந்த ஸ்பிரிட் மாதிரிதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் அவ்வளவு சீக்கிரம் தானாக வெடிக்காது. சோம்பேறி, அவ்வளவுதான். அதை இறுக்கி அமுக்கி, முன்கூட்டியே பொறி வைத்து, வாயில் வைத்து ஊதினால் எழுந்து ஓடும். பந்தயக் கார் ஆறேழு வருஷத்தில் கற்றுக்கொண்டதையெல்லாம் ஒரு கிழட்டு பஸ்ஸுக்குச் சொல்லிக் கொடுக்கப் புறப்பட்டார். எஞ்சினின் தலையை விழுப்புரத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அரிசி மணி கனத்துக்குச் சீவிக்கொண்டு வந்தார். பிளோயரைப் பெல்ட் போட்டு மாட்டினார். கரித்தூள் உள்ளே போகாமல் தேங்காய் நார் வைத்து வடிகட்டினார். பாஸ்கு என்கிற உயிர்த்த திருநாளுக்கு முந்திய தவக்காலம் முழுக்க இதே வேலை.

பெரிய வியாழக்கிழமை வந்தது. எங்களுக்குத் தவக்காலத்தில் ஒரு பொழுதுதான், பகல் சாப்பாடு. கேப்பைக் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் கண்ணையன் வீட்டுக்குப் போயிருந்தார், ஷெட்டில் இவர் மட்டும்தான். பஸ்ஸின் மூடியைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தார்.

நான் வாசலில் நிற்கும்போதே அவர் நிமிர்ந்தார். இரும்புத் தூணின் நிழலைப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார். முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கோயில் இருக்கிற திசைக்குத் திரும்பி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பகல் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்ததும் நாங்கள் சொல்கிற செபத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

எந்த மணியும் அடிக்கவில்லையே.

பெரிய வியாழன் அன்று பகல் மணி அடிக்காது. காலைப் பூசையில் குளோரியா பாடும்போது அடித்த மணி, அதற்கப்புறம் பெரிய சனிக்கிழமைப் பூசைவரை வாய் திறக்காது. சேசுநாதர் பாடுபட்ட நாள் என்று மணிக்கும் துக்கம். கோயிலைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளை மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு எங்கள் தெருவைச் சுற்றுவாரே ஒழிய, ஒரு மணிச் சத்தம் ஊரில் இருக்காது. எங்களில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். இவர் காலையில் என்னோடு பூசைக்கு வந்தவர். வேலையில் மனசு முழுகிப்போய் நாளை மறந்துவிட்டார், கை மட்டும் பழக்கத்தை மறக்கவில்லை. அந்தப் பழக்கத்துக்கும் மணிக்கும் சம்பந்தமே இல்லை. நிழலைப் பார்த்துச் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எத்தனை வருஷமாகவோ!

செபம் முடிந்து அவர் திரும்பவும் குனிந்ததும் பின்னால் போய் நின்றேன்.

"ஏங்க," என்றேன். அசையவில்லை.

"ஏங்க, காலுகிட்ட பாம்பு!" என்று கத்தினேன். நிதானமாக ஒரு போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

களிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தார். பதறிப்போய் வந்தார்.

"இன்னா சவுரி? எதுக்கு அழுவுற?"

"இன்னிக்குப் பெரிய வியாழன்," என்றேன்.

என் வாயைப் பார்த்தார். கோயில் பக்கம் பார்த்தார். தோளில் கிடந்த முண்டாசைத் தொட்டுப் பார்த்தார்.

"மணி அடிக்காது இல்ல," என்றார் மெதுவாக.

"எத்தினி நாளா இப்பிடி?"

அவர் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "கொஞ்சம் கொஞ்சமாப் போச்சி. ரெண்டாவது காரு வந்தப்ப குருவிச் சத்தம் போச்சி. பிளோயரு வந்தப்ப கோயில் மணி போச்சி. யாராச்சும் காதுகிட்ட வாய வச்சிக் கத்துனா ஏதோ வுழுது. போன வருசம்..." என்று நிறுத்தினார்.

"போன வருசம் இன்னா?"

"நீ மெதுவாப் பேசறது போச்சி."

எனக்குக் கோபம் வந்தது. துக்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "எங்கிட்டகூடச் சொல்லல. என் வாயப் பாத்துக்கினே இருந்ததெல்லாம் இதுக்குத்தானா? நான் ஒரு பைத்தியக்காரி, வேற மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்."

"அதுக்கு மட்டுமா பாத்தேன்?" என்றார் அவர்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு களியைப் பிட்டு அவர் கையில் வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிரைவர் பெரியதம்பிக்குக் கண் மங்கிவிட்டது என்று தெரிந்த அன்றே முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காது போன மெக்கானிக்கை மட்டும் வைத்துக்கொள்வாரா? அதுகூடப் பிறகு வரப்போவது. இப்போது எஞ்சினே முடியாமல் நிற்கிறது. பொறியை எவ்வளவு முன்னால் வைப்பது என்பதைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். இந்தப் பழைய பஸ்ஸில் அதற்கு ஸ்டியரிங் பக்கத்திலேயே ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. மேட்டில் ஏறும்போது அதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கம்மியாக வைத்தால் இழுக்காது. ஜாஸ்தியாக வைத்தால் தட்டும். பாரத்தோடு தட்டினால் எஞ்சின் போய்விடும்.

"பல்லுல கடிச்சாக் கொஞ்சம் தெரியுது. மேட்டுல அது போதாது சவுரி. எஞ்சின வுட்டா நான் இன்னா பண்ணுவேன்? எனுக்கு வேற இன்னா தெரியும்?"

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். பிள்ளை இல்லை என்று வைத்தியர் சொன்ன அன்றுகூட என்னைத் தேற்றிக்கொண்டு வந்தவர்.

"எனுக்குக் காது இருக்குதில்ல," என்றேன். "கத்துக் குடுங்க."

பெரிய வெள்ளியன்று வேலை கிடையாது. வியாழன் மதியமும் சனிக்கிழமை பூசை முடிந்தும் எஞ்சினை ஓடவிட்டுக் கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். எனக்கு என் சத்தங்கள்தான் தெரியும். பொறி பின்தங்கினால் சட்டியில் களி கொதிக்கிற மாதிரி சொத் சொத்தென்று கேட்டது. சரியாக இருந்தால் ஒரே சீராகத் தையல் மிஷின். தட்டும்போது யாரோ மூலையில் உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிற சத்தம். நான் அவருக்குப் பின்னால் நின்று முதுகில் சொன்னேன். களி என்றால் விரலால் மேலே ஒரு கோடு. தையல் என்றால் கையை அப்படியே வைத்திருப்பது. மல்லாட்டை என்றால் இரண்டு தட்டு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நான் தட்டி முடிப்பதற்குள் அவர் கை நகர்ந்துவிடும். பத்து வருஷத்தில் நாங்கள் இத்தனை நேரம் பேசிக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் புறப்பட்டது. முப்பது பேர் இருப்பார்கள், பாஸ்கு முடிந்து ஊர் திரும்புகிறவர்களும் சந்தைக்காரர்களும். கண்ணையன் ஓட்ட, அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவர்களுக்குப் பின்னால் முன் பலகையில் முதலாளி ஒரு ஓரம், திருவாமாத்தூர்க் கோயிலுக்குப் போகிற அஞ்சம்மாள் என்கிற பெரிய வீட்டு அம்மாள் மறு ஓரம். நடுவில்தான் இடம் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து யாரும் அதுவரை அந்தப் பலகையில் உட்கார்ந்ததில்லை. எங்களுக்குக் கரி அடுப்புக்குப் பக்கத்துக் கடைசிப் பலகை.

நான் ஏறி நேராக வந்து நடுவில் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா இது, பின்னால எடம் இல்லியா?" என்றார் கண்ணையன்.

"பின்னால கரிப்பொக அடிச்சா எனுக்கு வாந்தி வரும். உங்க வண்டிய நீங்கதான் கழுவணும், பரவால்லியா?" என்றேன். அஞ்சம்மாள் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு அவர் கவலையெல்லாம் மேடு. "சரி சரி, வண்டிய எடு" என்றார்.

பஸ் நன்றாகத்தான் ஓடியது. பிளோயரின் ஊளை கேட்டு வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏரிக்கரை கண்ணில் பட்டதும் நான் கையை அவர் முதுகில் வைத்தேன்.

மேடு ஆரம்பித்தது. களி கொதித்தது. ஒரு கோடு இழுத்தேன், கைப்பிடி நகர்ந்தது. தையல் மிஷின். இன்னும் கொஞ்சம் மேடு, மறுபடியும் களி, மறுபடியும் கோடு. வழக்கமாக நின்றுவிடுகிற புளியமரத்தைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்ததும் ஜனங்களுக்குத் தாங்கவில்லை. "ஏறுது, ஏறுது!" என்று கூச்சல் போட்டார்கள், பலகையைத் தட்டினார்கள். முதலாளியே "ஓ" என்று கத்தினார். எனக்கு எஞ்சின் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. என் விரல் அவர் முதுகில் நின்றுபோய்விட்டது. அந்த முதுகு இறுகியதை உள்ளங்கையில் உணர்ந்தேன். இத்தனை வருஷமாக அவர் இருந்த இடம் எது என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து திரும்பினேன். "வாய மூடுங்க எல்லாரும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதலாளியைப் பார்த்து, "நீங்களும்தான்!" என்றேன்.

பஸ் மொத்தமும் வாயடைத்துப்போயிற்று. அந்த மௌனத்தில் தெளிவாகக் கேட்டது, மல்லாட்டை உடைக்கிற சத்தம். இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் கை இறங்கியது. சத்தம் அடங்கியது. தையல் மிஷின் கரையின் உச்சிவரைக்கும் ஓடியது. யாரும் இறங்கவில்லை.

உச்சியில் முதலாளி, "வண்டிய நிறுத்து கண்ணையா," என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. "ஏம்மா, உனுக்கு இன்னா அவ்ளோ திமிரு? மொதப் பலகையில வந்து ஒக்காந்ததுமில்லாம, என் வண்டியில என்னையே வாய மூடச் சொல்றியா?"

என்ன பொய் சொல்லலாம் என்று தேடினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் திரும்பிவிட்டார். முதலாளியின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"மொதலாளி, அவளத் திட்டாதீங்க. எனுக்குக் காது கேக்காது. ரொம்ப வருசமாக் கேக்காது. இன்னிக்கு எஞ்சினக் கேட்டது அவதான். அவ என் முதுகுல தட்டத் தட்ட நான் கைப்பிடிய நவுத்தினேன், அவ்ளோதான். மேடு ஏத்துனது அவ."

காது கேளாதவர் பேச்சு அளவில் நிற்காது. கடைசிப் பலகை வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஒளித்து வைக்கப் பட்ட பாடெல்லாம் போயிற்று. அழுகையும் வந்தது, இந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் வந்தது.

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டாவது வண்டிக்கும் இதே மாதிரி பண்ணிட முடியுமா?" என்றார். அவர் வாய் தெரியாமல் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலை விட்டுத் திரும்பி, என் வீட்டுக்காரருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"ரெண்டாவது வண்டிக்கும் பண்ணு அந்தோணி. பாண்டுரங்கன வர வேணாம்னு எழுதிடறேன்."

"பிளோயரு ஒண்ணுதான் இருக்குது மொதலாளி. தலையச் சீவிடறேன், பொறிய மாத்திடறேன். பாதி சத்து அதுலயே வந்துடும்."

"சரி." அப்புறம் என்னைப் பார்த்தார். எரிச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை. "நீயும் ஷெட்டுக்கு வா. வண்டி ஓட்டிப் பாக்கற நாள்ல இந்த எடம் உனுக்குத்தான். யாரானா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. ஆனா என்னை வாய மூடச் சொல்ற வேலை வச்சிக்காத."

"மேட்டுல மட்டும் சொல்லுவேன்," என்றேன். கண்ணையன் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். அஞ்சம்மாள் சுருட்டிய புடவையைப் பிரிக்கவில்லைதான். ஒரு நாளில் எல்லாம் நடந்துவிடுமா என்ன?

விழுப்புரத்தில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஜனங்கள் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் பஸ்ஸின் நிழலைப் பார்த்தார். பார்த்தவர் நிறுத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"மணி அடிச்சிடிச்சா சவுரி?"

இதை அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னும் இல்லீங்க."

"அடிச்சா சொல்லு."

அவர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார், நான் பின்னால் நின்றேன். பாஸ்கு காலத்தில் முழந்தாளிட வேண்டியதில்லை, நின்றபடியே செபம் சொல்லலாம். வண்டிக்காரர்களும் குதிரைகளும் போட்ட சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். தூரத்தில் மணி அடித்தது. அவர் முதுகில் விரலை வைத்தேன், அவர் தலையிலிருந்து முண்டாசை எடுத்தார்.